உடைந்த எலும்பு முன்னைவிடப் பலமாகுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பொறியியல் இரண்டாம் ஆண்டு. வண்டி மணலில் சறுக்கி வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. மாவுக்கட்டு போட்டு ஆறு நாள் ஆகிறது, செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "எல்லாம் நன்மைக்குத்தான், இதிலிருந்து உனக்கு மன உறுதி வரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உங்களுக்கோ எரிச்சலும் அழுகையும்தான் வருகிறது. இப்படி ஒரு விபத்திலிருந்து மன உறுதியை எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்கிறீர்கள். ஆனால் அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: "எல்லாரும் வரும் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? என்னிடம்தான் ஏதும் குறையா?" அதற்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். குறை ஒன்றும் இல்லை. ஆறாவது நாளில் யாருக்கும் வராது.

நான் பிசியோதெரபிஸ்ட். இருபது வருடத்துக்கு மேலாகக் கை, மணிக்கட்டு, விரல் முறிவுகளோடுதான் பிழைப்பு. மனநல நிபுணர் இல்லை, அதனால் மனதைப் பற்றிச் சொல்வதை அப்படியே முழுசாக நம்பிவிட வேண்டாம். இன்னொரு தகுதியும் எனக்கு உண்டு. நானும் இரண்டாம் ஆண்டில் இதே வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டவன், உங்களைவிட அசட்டுத்தனமாக.

உங்களைப் பார்க்க வந்தவர்களில் ஒருவராவது, "உடைஞ்ச எலும்பு ஒட்டினா முன்னைவிடப் பலமாயிடும், மனசும் அப்படித்தான்" என்று சொல்லியிருப்பார். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதை நம்பிக்கொண்டுதான் வருகிறார்கள். எலும்பு விஷயத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது இது: முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு மாதிரி மெத்தென்ற ஒரு ஒட்டு உருவாகும். அப்புறம் அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகும். மணிக்கட்டு என்றால், பெரும்பாலும் ஆறு வாரத்தில் கட்டுப் பிரிக்கிற அளவுக்கு வந்துவிடும். அந்த ஒட்டு முறிவைச் சுற்றித் தடிப்பாக இருப்பதால், கொஞ்ச காலம் அந்த ஒரு இடம் மட்டும் கூடுதல் கெட்டியாக இருக்கலாம். பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், உடம்பு அந்த அதிகப்படியைச் சீவிச் சீவிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். இதற்கிடையில் ஆறு வாரம் வேலையில்லாமல் கிடந்த பக்கத்து எலும்பு சத்தை இழந்திருக்கும், தசை இளைத்திருக்கும், மூட்டு இறுகியிருக்கும். ஆகக் கட்டுப் பிரிக்கும் அன்று உங்கள் கை முன்னைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது முறிவு அல்ல, அதற்குப் பிறகு நாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் வேலை. எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும் என்று ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892இல் எழுதினார். நுணுக்கங்களில் அவரைத் திருத்தியிருக்கிறார்கள், ஆனால் அடிப்படை இன்றும் நிற்கிறது. என் தொழிலே அதன் மேல்தான் நடக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். 1997, ஐப்பசி மழை. விடுதி மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளைக் கோட்டை எடுக்க ஓடினேன். தரையெல்லாம் பாசி. உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாகப் படகெலும்பு என்று ஒரு குட்டி எலும்பு இருக்கிறது, முந்திரிப்பருப்பு அளவுதான். ஊன்றி விழுந்தால் உடைவது பல நேரம் அதுதான். கட்டைவிரலைப் பின்னால் விறைத்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். பழைய ஆட்கள் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சுவார்களே, அந்தக் குழி. அங்கே அழுத்தி வலித்தால் படகெலும்பைச் சந்தேகப்பட வேண்டும், முதல் எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்றாலும் விட்டுவிடக் கூடாது, கட்டுப் போட்டுப் பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். விழுவதற்கு இரண்டு வாரம் முன்புதான் இதை வகுப்பில் எழுந்து நின்று சொல்லி "வெரி குட்" வாங்கியிருந்தேன்.

அந்தக் குழியில் வலித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, சுளுக்கு என்றார்கள். எனக்கும் சுளுக்காக இருந்தால் வசதி, அதனால் நம்பிவிட்டேன். கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு கேரம் ஆடினேன். தை மாதம் வந்து, ஈரத் துணியைப் பிழிய முடியாமல் போனபோதுதான் மறுபடி எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் பின் துண்டு பட்டினி கிடக்கும், அதனால் கவனிக்காமல் விட்டால் ஒட்டாமலே போய்விடும். எனக்கு ஒட்டவில்லை. இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்து, ஒரு திருகாணி போட்டு, மூன்று மாதம் கட்டில் வைத்தார்கள். அந்த வருடத் தேர்வு போயிற்று. கையால் பிழைக்கப் படிக்கிறவன் தன் கையையே கோட்டைவிட்டான் என்று வகுப்பில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

அப்போது எனக்கு மன உறுதியெல்லாம் வரவில்லை. ஆபரேஷனுக்கு அப்பா வந்து போனார். ஒரு வருடம் போய்விட்டது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு, "படிப்பெல்லாம் நல்லா போகுதுப்பா" என்றேன். மெஸ்ஸில் இடது கையால் சாப்பிடக் கூச்சமாக இருந்ததால், எல்லாரும் போன பிறகு கடைசியாகப் போவேன். நாலைந்து நாள் இதைப் பார்த்த சமையல்கார அண்ணன் ஒருநாள் சாதத்தைப் பிசைந்து, ஒரு ஸ்பூனைக் குத்தி நிறுத்தி, தட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து நேரத்துக்கே போனேன். என் வாழ்க்கையில் மன உறுதி பற்றி நான் கேட்ட எந்தப் பேச்சையும்விட அந்த ஸ்பூன் எனக்கு அதிகம் செய்தது.

அப்புறம் முதலாண்டுப் பையன்கள் நாலு பேர். அவர்களுக்கு உடற்கூறியல் தேர்வு, எனக்கோ மாலையில் ஒரு வேலையும் இல்லை. விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து எலும்பு எலும்பாகச் சொல்லிக்கொடுத்தேன். எழுதிக் காட்ட முடியாது, படம் போட முடியாது. வாயால் மட்டும் சொல்லி அவர்கள் கண்ணில் படம் தெரியவைக்க வேண்டும். இன்று ஒரு பாட்டிக்குத் தோள் எப்படி இறுகியிருக்கிறது என்பதை இரண்டு நிமிடத்தில் புரியவைக்கிறேன் என்றால், அந்தப் படிக்கட்டில் கற்றதுதான். ஆனால் இதை விபத்து கொடுத்த பரிசு என்று சொல்ல எனக்கு மனம் வராது. உடையாமல் இருந்திருந்தால் வேறு எங்காவது கற்றிருப்பேனோ என்னவோ. அதே வருடம் என் வகுப்பிலேயே இன்னொருவனுக்கு லாரி உரசிக் கால் போயிற்று. அவன் படிப்பை விட்டுவிட்டான். என்னைவிட நெஞ்சுரம் உள்ளவன். இன்னொரு வருடக் கட்டணம் கட்ட அவன் வீட்டில் பணம் இல்லை, என் வீட்டில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அவனை யாரும் மேடையேற்றி, "விபத்திலிருந்து என்ன கற்றீர்கள்" என்று கேட்கப்போவதில்லை. தேறியவர்களிடம் மட்டுமே கதை கேட்டால், விபத்து எல்லாரையும் தேற்றும் என்றுதான் தோன்றும்.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இதில் இரண்டு மூன்று விஷயம் எனக்கு உறுதியாகத் தெரியும். ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடிகார அப்பா, மனநோயுள்ள அம்மா என்று பல சுமை ஒன்றாகச் சேர்ந்திருந்த 201 குழந்தைகளில் 72 பேர் நல்லபடியாகவே வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டவற்றில் ஒன்று, அக்கறையாக ஒரு பெரியவராவது இருந்தது. அப்பா அம்மாவாக இருக்க வேண்டும் என்பதில்லை, பாட்டியோ ஆசிரியரோ போதும். இன்னொன்று, அந்தப் பிள்ளைகளை நம்பி வீட்டில் ஒரு வேலை இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது மாதிரி. இதைப் படித்தபோது எனக்கு ஸ்பூனும் படிக்கட்டும்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் அங்கே பேசப்படுவது ஒரு குழந்தைப் பருவம் முழுக்க நீளும் கஷ்டம். அதை ஒரு மணிக்கட்டு முறிவின் மேல் அப்படியே தூக்கி வைப்பது சரியில்லை. ஒரு ஒற்றுமையாகத்தான் சொல்கிறேன். ஆன் மாஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2001இல் எழுதியதும் இதே திசையில்தான்: மீண்டெழுவது அபூர்வமான வீரம் அல்ல, உறவு, பழக்கம், யோசிக்கும் திறன் போன்ற சாதாரணமானவை ஒழுங்காக வேலை செய்தாலே நடப்பது.

சந்தேகத்துக்குரியது எது என்றால், உங்கள் உறவினர்கள் சொல்கிற அந்தப் பகுதிதான். பெரிய அடிக்குப் பிறகு மனிதர்கள் வளர்கிறார்கள் என்ற கருத்தை டெடெஸ்கி, கால்ஹவுன் என்ற இரு உளவியலாளர்கள் 1990களில் பிரபலமாக்கினார்கள். அடிபட்டவர்களைக் கேட்டால் பலரும், "ஆமாம், வளர்ந்திருக்கிறேன்" என்றுதான் சொல்கிறார்கள். 2009இல் பட்ரீஷியா ஃப்ரேசியர் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களின் மனநிலையை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, நடுவில் யாருக்கு அதிர்ச்சியான சம்பவம் நடந்ததோ அவர்களை மறுபடி அளந்தார்கள். "வளர்ந்தேன்" என்று அவர்கள் சொன்னதும், உண்மையில் ஏற்பட்டிருந்த மாற்றமும் பெரிதாக ஒத்துப்போகவில்லை. அதற்காக அவர்கள் பொய் சொன்னார்கள் என்று ஆகாது. ஆறுதலுக்காக நாமே நமக்கு ஒரு கதை சொல்லிக்கொள்கிறோம், அதில் தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கதை இன்னும் உங்களுக்கு வரவில்லை என்பதற்காக வருத்தப்பட வேண்டாம்.

வாட்ஸப்பில் உங்களுக்கும் வந்திருக்கும், ஹங்கேரியத் துப்பாக்கி சுடும் வீரர் கரோலி தகாச்சின் கதை. 1938இல் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்தது, இடது கையால் சுடப் பழகி 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கியிலும் தங்கம் வாங்கினார். உண்மைக் கதைதான். ஆனால் அவர் முன்பே தேர்ந்த வீரர், குண்டுக்கும் தங்கத்துக்கும் நடுவில் பத்து வருடம். உங்களிடம் இருப்பது பதினெட்டு நாள். இடது கையால் எழுதிப் பழகி மூன்று மணி நேரத் தேர்வை முடித்துவிடலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். என் அனுபவத்தில் மூன்று வாரப் பயிற்சியில் எழுத்து படிக்கிற மாதிரி வந்துவிடும், வேகம் வராது. ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போடும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள், போதும்.

அதைவிட நாளைக்கே செய்ய வேண்டியது, தேர்வில் நீங்கள் சொல்லச் சொல்ல எழுதித்தர ஒருவர் வேண்டும் என்று விண்ணப்பிப்பது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டைத்தான் பேசுகிறது, ஆறு வாரத்தில் சரியாகும் முறிவு அதற்குள் வராது. அதனால் இது உரிமையாகத் தானே வந்து சேராது, உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியையும் துறைத் தலைவரின் கையெழுத்தையும் பொறுத்தது. மருத்துவச் சான்றிதழ், எக்ஸ்ரே நகல், ஒரு பக்கக் கடிதம். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், எழுத்தில் கொடுத்து அதன் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கிடைத்துவிட்டால், சொல்லி எழுதவைப்பது தனி வித்தை என்பதை மறக்க வேண்டாம். சர்க்யூட் படத்தை வாயால் சொல்லிப் பாருங்கள், புரியும். பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு யாராவது ஜூனியரை உட்காரவைத்துத் தினமும் ஒரு மணி நேரம் சொல்லி எழுதவையுங்கள். அவனுக்கும் பாடம் ஏறும். அனுமதி கிடைக்கவில்லை என்றால் இரண்டு மூன்று தாள் அரியர் விழும். விழட்டும். வீட்டில் அதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் இரண்டு மாதம் மறைத்துவைத்தேன், கையைவிட அதுதான் அதிகம் வலித்தது.

கை விஷயம். விரல்கள் கட்டுக்கு வெளியே இருக்கின்றன, அவற்றை மணிக்கு ஒருமுறை முழுசாக மடக்கி விரியுங்கள். முழங்கையையும் தோளையும் அசையுங்கள், பயந்து கழுத்தில் மாட்டிய தூளியிலேயே வைத்திருந்தால் ஆறு வாரத்தில் தோளும் இறுகிவிடும். உட்காரும்போது கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள், வீக்கம் குறையும். விரல் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரைக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனாலோ நேரம் காலம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள், கட்டு இறுக்கிக்கொண்டிருக்கலாம். யாராவது கட்டைப் பிரித்து நாட்டுக்கட்டுப் போடலாம் என்று சொன்னால் கேட்க வேண்டாம். இறுக்கிக் கட்டி விரல் செத்துப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு விநோதம் சொல்கிறேன். நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்தால் மறு கைக்கும் அதில் ஒரு பங்கு போய்ச் சேரும். யேல் பல்கலைக்கழகத்தில் 1894லேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். நரம்புமண்டலம் வழியாக நடக்கிறது, அளவு பெரிது இல்லை, ஆனாலும் உண்மை. அதனால் ஒரு பழைய டென்னிஸ் பந்தை இடது கையில் வைத்து அழுத்திக்கொண்டே பாடம் சொல்லிப் பழகுங்கள். வலது கை பலம் இழப்பது கொஞ்சமாவது குறையலாம்.

எரிச்சலும் அழுகையும் முதல் சில வாரம் வந்து போகும். தூக்கமே இல்லை, எதிலும் ஆசை இல்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டாலோ, இருந்தென்ன பயன் என்ற மாதிரி எண்ணம் ஒருமுறை வந்தாலோ அது என் எல்லைக்கு வெளியே. 14416 என்ற அரசின் டெலி மனாஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கட்டுப் பிரிக்கும் நாளில் பயந்துவிடாதீர்கள். கை குச்சியாக இளைத்து, தோல் செதில் செதிலாக உரிந்து, முடி மட்டும் கறுகறுவென்று யாருடைய கையோ மாதிரி இருக்கும். அன்றைக்கே பேனாவைப் பிடித்து எழுத உட்கார வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கையை விட்டு மெதுவாக அசையுங்கள், மறுநாள் ஸ்பூன் பிடியுங்கள், அப்புறம் பேனா. உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை, எந்த எலும்பு என்றும் நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "படகெலும்பையும் பார்த்தீங்களா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் முறைத்தால் முறைக்கட்டும்.